ஆறடி எழுத்து

அய்யாசாமிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எத்தனை கடைப் பலகை உண்டோ, அத்தனையும் அவன் கை எழுத்து. அத்தனைக்கும் ஒரே கணக்கு. ஓரடி உயர எழுத்தென்றால் எட்டணா. அதில் ரெண்டணா பெயிண்டுக்கு, மிச்சம் ஆறணா கூலி. ஒன்றரை அடி என்றால் பன்னிரண்டணா. அதற்கு மேல் யார் எழுதச் சொன்னார்கள்? சைக்கிள் கடைக்கும் சோடா கடைக்கும் ஆளுயர எழுத்து எதற்கு? அதனால்தான் வந்தது வினை.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதம். விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான், அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணமே பித்துப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. கொத்தவால்சாவடி ஜம்புலிங்கமும் ஓடினார். ஆனால் பெரிய வியாபாரி இல்லையா, சும்மா ஓடுவாரா? நானூறு மூட்டை மிளகாயையும் மல்லியையும் வண்டியேற்றிக்கொண்டு வந்து, அம்பத்தூரில் ரயில் பாதை ஓரமாக ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்துவிட்டார். பாதையைப் பார்த்த சுவர் நூற்றிருபதடி நீளம். அதில் 'ஜம்புலிங்கம் மளிகை மண்டி' என்று பதின்மூன்று எழுத்தாக, ஒவ்வொன்றும் ஆறடி உயரத்தில் நிற்க வேண்டும் என்றார். ரயிலில் போகிற கடைக்காரன் ஒவ்வொருவனும் ஜம்புலிங்கம் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு போக வேண்டுமாம்.

"இன்னாய்யா ஆவும்? மொத்தமா ஒரு வெல சொல்லு" என்றார்.

அய்யாசாமி கயிற்றைப் போட்டுச் சுவரை அளந்தான். கைதான் அளந்ததே தவிர மனசு நசரத்பேட்டையில் இருந்தது. அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டில் அவன் மகள் சொர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயசு. யுத்தம் வந்து கப்பல் நின்று, பெயிண்ட் விலை ஏறி, பலகை எழுதச் சொல்ல ஆளில்லாமல் போன தை மாதத்தில், இருபத்தைந்து ரூபாய் கைநீட்டி வாங்கிக்கொண்டு அவளை அங்கே விட்டுவிட்டு வந்தவன் இவன்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம் என்பது பேச்சு. இப்போது அந்தக் குடும்பமும் குண்டுக்குப் பயந்து சேலத்துக்குக் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலை வண்டி. அதற்குள் பணம் போகாவிட்டால் சொர்ணமும் அவர்களோடு சேலம் போய்விடுவாள். சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இன்று திங்கள். ஓரடிக்கு எட்டணா, ஆறடிக்கு மூன்று ரூபாய். பதின்மூன்று எழுத்துக்கு முப்பத்தொன்பது. பெயிண்டுக்கு ஒரு பத்து போனாலும் கையில் இருபத்தொன்பது. சொர்ணத்துக்கு இருபத்தைந்து, மேலே நாலு! கடவுளே அளந்து கொடுத்தது போல் இருந்தது.

"முப்பத்தொம்போது ரூவா முதலாளி" என்றான்.

ஜம்புலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினி?"

"முப்பத்தொம்போது. அதுக்குக் கீழ கட்டாது முதலாளி."

"பெயிண்டு உன்னுதுதானே?"

"என்னுதுதான்."

அவர் பேரம்கூடப் பேசவில்லை. பேரம் பேசாத வியாபாரியைப் பார்த்ததும் எவனுக்கும் சந்தேகம் வரவேண்டும். இந்தப் பைத்தியக்காரனுக்கு வரவில்லை. அவர் அவசரமாக வெற்றிலை இரண்டை எடுத்து, மேலே பாக்கும் ஒரு ரூபாயும் வைத்து நீட்டினார். அந்தப் பக்கத்தில் அச்சாரத்தை வெற்றிலையோடு வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்தால் முழுப் பணமும் கையில் என்று அவர் சொன்னதும், அய்யாசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்குப் போனபோது அவன் பெண்டாட்டி வடிவு அடுப்பில் கல்லைப் போட்டிருந்தாள். நொய்யரிசி மாவு, அதுவும் கொஞ்சம்தான். அவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போனான்.

"வடிவு! சொர்ணம் வந்துடும்டி! பெரிய வேலை மாட்டிக்கிச்சு!"

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"பெயிண்டு எவ்ளோன்னு வச்ச?"

"ஓரடிக்கு ரெண்டணான்னா ஆறடிக்குப் பன்னெண்டணா. இன்னா, கூட்டத் தெரியாதா எனக்கு?"

"இங்க வா" என்றாள். ஒரு கரண்டி மாவைக் கல்லில் விட்டுக் கையகலத்துக்குத் தேய்த்தாள். "இது ஒரு கை அகலம். ரெண்டு கை அகலத்துக்கு ஊத்தணும்னா எத்தினி கரண்டி?"

"ரெண்டு."

"ஊத்து."

அவன் ஊற்றினான். ரெண்டு கரண்டி போதவில்லை. மூன்றாவதும் ஊற்றினான். நாலாவது கரண்டிக்குத்தான் மாவு ரெண்டு கை அகலத்தைத் தொட்டது. அவன் கரண்டியைக் கீழே வைக்காமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒசரம் மட்டுமா வளருது? அகலமும்தானே வளருது" என்றாள் வடிவு. "ஆறு மடங்கு ஒசரம்னா பெயிண்டு ஆறாறு முப்பத்தாறு மடங்கு குடிக்கும்யா. பாவி, அளக்கறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா நீ?"

முப்பத்தாறு ரெண்டணா. ஒரு எழுத்துக்கு நாலரை ரூபாய் பெயிண்டுக்கே. பதின்மூன்று எழுத்துக்கு... அவன் விரலை மடக்கி மடக்கிப் போட்டான். ஐம்பத்தெட்டரை. வாங்குகிற கூலி முப்பத்தொன்பது, வாங்க வேண்டிய பெயிண்ட் ஐம்பத்தெட்டரை! பத்து ரூபாய்க்கு என்றால் வீட்டிலிருக்கும் குடத்தை அடகு வைத்துவிட்டுக் கடனுக்குப் பெயிண்ட் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தான். ஐம்பத்தெட்டுக்கு எதை வைப்பது? பெயிண்ட் இல்லாமல் எழுத்து இல்லை, எழுத்து முடியாமல் பணம் இல்லை, பணம் இல்லாமல் சொர்ணம் இல்லை.

தோசையைத் தொடாமலே எழுந்து ஓடினான்.

ஜம்புலிங்கம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். அய்யாசாமி அந்த ஒரு ரூபாயையும் வாடிப்போன வெற்றிலையையும் அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டான்.

"முதலாளி, கணக்குத் தப்பாப் பூட்ச்சு. பெயிண்டே அம்பத்தெட்டு ரூவா குடிக்கும். நூத்தியிருவது ரூவா இல்லாம கட்டாது முதலாளி."

"இன்னாய்யா இது? காத்தால ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா? வெத்தலைய வாங்கிக்கினு போனவன் நீதானே?"

"தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமன்னு எனக்கும் தெரியும்யா" என்று சிரித்தார் அவர். "மவுண்ட் ரோட்டு பெயிண்டர் ஒருத்தன் முந்தாநாள் வந்து பாத்தான். நூத்தம்பது கேட்டான். நூறு வரைக்கும் குடுக்கலாம்னுதான் நானே குந்திக்கினு இருந்தேன். நீயா வந்து முப்பத்தொம்போதுன்ன. யார்னா வுடுவாங்களா? உன் பேச்ச நம்பி அவன வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். மத்தியான வண்டில குடும்பத்தோட திருச்சிக்குப் பூட்டான்."

நூறு! வாயைத் திறக்காமல் அவரையே விலை சொல்ல விட்டிருந்தால் நூறு வந்திருக்கும். தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது அய்யாசாமிக்கு.

அப்போதுகூட அவன் பக்கம் பலம் இருந்தது. பட்டணத்தில் பெயிண்டர் எவனும் மிச்சமில்லை. அந்தச் சுவருக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலடி நடந்திருந்தால் ஜம்புலிங்கமே கூப்பிட்டு எண்பதோ தொண்ணூறோ பேசியிருப்பார். நடக்கிற நிலையிலா இருந்தான்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வரக்கூடாத அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்: சொர்ணம், இருபத்தைந்து ரூபாய், வெள்ளிக்கிழமை வண்டி, சேலம். விலை பேசுகிற இடத்தில் சொல்லவே கூடாததையெல்லாம் சொன்னான்.

ஜம்புலிங்கம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது. ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"சரி, எழுந்திரு. அறுவது ரூவா தர்றேன். அதுக்கு மேல காலணா கேக்காத. இருவத்தஞ்ச இப்பவே வாங்கிக்கோ, போய்ப் பொண்ண இட்டுக்கினு வா. பாக்கி முப்பத்தஞ்சு வேல நடக்க நடக்க."

அவன் அவர் காலில் விழப் போனான்.

"இரு, இரு. துட்ட வாங்கிக்கினு நீயும் பொண்ணும் சேந்து எங்கனா ஓடிட்டா நான் எங்க போய்த் தேடறது? ஊரே ஓடுது. உன்ன மட்டும் எப்பிடி நம்புறது?" அவர் குடோன் கதவைக் காட்டினார். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். "வேல முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு இங்க கெடக்கட்டும். காம்பு கிள்ளட்டும். ரெண்டு வேள கஞ்சி ஊத்துறேன். கடேசி எழுத்த முடிச்ச அன்னைக்கு இட்டுக்கினு போ."

முப்பத்தைந்து ரூபாயில் ஐம்பத்தெட்டு ரூபாய்ப் பெயிண்ட் வராது என்று இப்போது அய்யாசாமிக்கு நன்றாகக் கணக்குத் தெரிந்தது. மிச்சத்துக்கு எங்கே போவான், எத்தனை மாசம் ஆகும் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் தெரிந்தது.

"சரி முதலாளி" என்றான்.

வடிவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சேலத்துக்கு இது மேலு. கண்ணால பாக்கலாமில்ல" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை இருட்டோடு கிளம்பி, திருவேற்காடு, வேலப்பன்சாவடி வழியாக நடந்து நசரத்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். குமாஸ்தா வீட்டம்மாள் பொன்னம்மாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, "நல்ல பொண்ணுப்பா. எங்களோட வந்திருந்தா வயிறாராச் சாப்பிட்டிருக்கும். உன் இஷ்டம்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சொர்ணம் துணி மூட்டையோடு ஓடி வந்தாள். மூன்று மாசத்தில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் தேய்த்து வெடித்திருந்தது. மூட்டையை அவன் வாங்கிக்கொண்டான். வழி நெடுக அவள் வாய் ஓயவில்லை. அம்மாவோடு ஒரே பாயில் படுத்துக்கொள்ளப் போகிறாளாம். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லப் போகிறாளாம். பொன்னம்மாள் வீட்டில் கருவாடு கண்ணில் காட்ட மாட்டார்களாம். வேலப்பன்சாவடியில் சொல்லிவிடலாம் என்று அய்யாசாமி நினைத்தான். திருவேற்காட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அயப்பாக்கம் ஏரிக்கரையில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தபோது வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டான். அடச்சீ, ஒரு சுவருக்கு விலை சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு குழந்தையிடம் இதைச் சொல்ல மட்டும் எங்கே தெரியும்?

அம்பத்தூர் வந்தது. அவன் ரயில் பாதை ஓரமாகத் திரும்பினான்.

"நைனா, ஊடு அந்தப் பக்கம் கீது" என்றாள் சொர்ணம்.

அவன் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"எத்தினி நாளு?"

"செவுத்துல எழுத்து முடியற வரைக்கும் கண்ணு. பதிமூணு எழுத்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சி வெயிலில் நூற்றிருபதடிச் சுவரும் புதுச் சுண்ணாம்போடு கண்ணைக் கூசவைத்துக்கொண்டு நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் தேடினாள்.

"எங்க நைனா? ஒண்ணுகூடக் காணோமே."

"இனிமேதான் எழுதணும்."

சொர்ணம் அழவில்லை. மூன்று மாசம் ஒரு வீட்டில் கொல்லைக் கதவு வழியாகவே போய்வந்து பழகியவள் இல்லையா? அவன் கையிலிருந்த துணி மூட்டையைத் தானே வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எந்தக் கதவு நைனா, முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.