நடாத வயல்

எங்க ஊருக்கு ஏரி வடக்கே இருந்துச்சு, வயல் தெற்கே இருந்துச்சு. ஜப்பான்காரன் தோத்து ஓடினப்போ, விட்டது சனியன்னு ஊரே கூடி அரிசிக்கள்ளு குடிச்சுது. அந்தப் போதை தெளியறதுக்குள்ள ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் வந்து கொரியாவை ரெண்டாப் பங்கு போட்டுக்கிட்டானுங்க. கோடு கிழிச்சவன் கண்ணுல வாய்க்கால் படல. ஏரி ரஷ்யாக்காரன் பக்கம் போச்சு, நாங்க அமெரிக்காக்காரன் பக்கம் வந்தோம்.

மொத ரெண்டு வருஷம் எப்படியோ தண்ணி வந்துச்சு. மூணாவது வருஷம் ரெண்டு பக்கமும் முறைச்சுக்கிட்டானுங்க. தண்ணி வேணும்னா நெல்லு குடுன்னான் வடக்கத்தியான். கம்யூனிஸ்டுக்கு ஒரு நெல்லுமணி போகக் கூடாதுன்னான் தெற்கத்தியான். அவன் மதகை அடைச்சான், இவன் அடைச்சா அடைச்சுக்கோன்னு வீம்பு புடிச்சான். ரெண்டு பேர்ல ஒருத்தனும் சேத்துல கால் வெச்சவன் இல்ல. இங்க நாங்க கெணத்துத் தண்ணி மொண்டு ஊத்திக் காப்பாத்தின நாத்து நடவுக்கு நிக்குது, வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. கோட்டைத் தாண்டிப் போய் மதகுக்காரன்கிட்ட யாராவது கேட்டுப் பாக்கணும். எல்லார் கண்ணும் என் வீட்டுக்காரர் மான்சிக் மேலதான் விழுந்துச்சு. அந்த ஏரிக்கரையை வெட்டினப்போ இவரும் அந்த மதகுக்காரனும் ஒரே கூடையில மண்ணு சுமந்தவங்க. வேணாம்னு நான் இவரு சட்டையைப் புடிச்சு இழுத்தேன். ஊர்த்தலைவர் குவாக் இருக்காரே, நாக்குல தேன் தடவிக்கிட்டுப் பேசுவாரு.

"தம்பி, நீ போறது உன் வயலுக்கு மட்டுமா? ஊரே உன் பின்னால நிக்கும்"னார்.

நின்னாங்க. அவ்வளவு பின்னால நின்னாங்க, திரும்பிப் பாத்தா ஒருத்தர்கூடத் தெரியல.

ரெண்டு குடுவை கள்ளோட இவரு கோட்டைத் தாண்டிப் போனாரு. மொதல்ல தண்ணிதான் வந்துச்சு. நுரையும் சருகுமா வாய்க்கால்ல உருண்டு வந்ததைப் பாத்து, பெரிய மனுசங்கல்லாம் கொழந்தைங்க மாதிரி கூடவே ஓடினாங்க. மறுநாள் சாயங்காலம் அவரு வந்தாரு. குவாக் தலைவரு கட்டிப் புடிச்சு அழுதாரு. என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் தாங்கல, தண்ணி வந்துடுச்சில்ல, போய் வயலைப் பாருங்கன்னு எல்லாரையும் வெரட்டினாரு.

அந்த வாரமே டவுன் போலீஸ் வந்து வரப்பு மேல வெச்சே அவரைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. கம்யூனிஸ்டு சிவப்பனுங்ககிட்ட என்ன வித்துட்டு வந்தேன்னு கேட்டு அடிச்சிருக்கானுங்க. நான் என் கொழந்தை ஓக்பூனை முதுகுல கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்க இருந்த அதிகாரி கெட்டவன்கூட இல்ல, சலிச்சுப் போனவன்.

"ஊர்தான் அனுப்புச்சுன்னு உன் புருஷன் சொல்றான். ஊர்க்காரன் ரெண்டு பேரு வந்து என் முன்னாடி அதையே சொல்லட்டும், கூட்டிக்கிட்டுப் போ. மாசக் கடைசிக்குள்ள யாரும் வரலன்னா சியோல் ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்"னான்.

இவ்வளவுதானான்னு எனக்கு உசுரு வந்துச்சு. ரெண்டு பேருதானே, இருவது பேரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். எவ்வளவு வெகுளி பாருங்க நான்.

குவாக் தலைவரு மென்னு முழுங்கினாரு. நடவு முடியட்டும்மா, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்னாரு. கெழக்குத் தெருக்காரரும் நடவு முடியட்டும்னாரு. எங்க போனாலும் இதே பாட்டு. என் புருஷன் கொண்டுவந்த தண்ணியில நின்னுக்கிட்டேதான் எல்லாரும் இதைச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு சுல்லே அம்மா ஒருத்திதான் உள்ளதைச் சொன்னா.

"மதினி, நாங்கதான் அனுப்பினோம்னு சொன்னா எங்க வீட்டுக்காரரையும் சிவப்பன்னு புடிச்சு வெச்சுக்குவான். எனக்கு மூணு புள்ளைங்க"ன்னா.

அவ மேல எனக்குக் கோவம் வரல. நடவு முடியட்டும்னவங்க மேலதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்க ஊர்ல நடவுக்குக் கூலி கெடையாது, மாத்தாளுதான். நான் உன் வயல்ல ஒரு நாள் நட்டா நீ என் வயல்ல ஒரு நாள் நடணும். தலைமடையில தொடங்கி ஒவ்வொரு வீடா எறங்கி வரும். எங்களது கடைமடை. நான் ஒரு வீடு விடாம நட்டேன். காலையில நடவு, சாயங்காலம் பார்லிச் சோத்தைக் கட்டிக்கிட்டு ஸ்டேஷன். சோத்தை வாங்கி வெச்சுக்குவான், ஆளைக் காட்ட மாட்டான். இன்னும் யாரும் வரலையான்னு அந்த அதிகாரியே என்னைக் கேப்பான்.

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னால எங்க முறை வந்துச்சு. சிவப்பன் வயலுன்னு ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன். வெடியறப்போ பாத்தா ஊரே வந்து நிக்குது. என்னைக்கும் வயல்ல எறங்காத குவாக் தலைவருகூடக் காலுச்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கறாரு. வயல்காரிதான் சாப்பாடு போடணும். அன்னைக்கு அவங்களே முள்ளங்கி ஊறுகாயிலேருந்து கருவாடு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்திருந்தாங்க. ஒருத்தரும் என் மொகத்தைப் பாக்கல. சுல்லே அம்மா நாத்துமுடியை எடுத்துட்டா.

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. ஒரு நாள் நட்டுக் குடுத்துட்டா இவங்களுக்கு எல்லாம் நேராயிடும். கையைக் கழுவிக்கிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவாங்க. நான் போய் மடையில குறுக்க உக்காந்துட்டேன்.

"யாரும் எறங்க வேணாம். எனக்குக் கை வேணாம், வாய் வேணும். ரெண்டு பேரு என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. வந்துட்டு அப்புறம் நாத்து நடுங்க"ன்னேன்.

நாத்து முத்திப்போகும்மா, வருஷத்துக்கும் என்ன தின்பே, மொதல்ல நட்டுடுவோம்னாரு குவாக்.

"முத்தட்டும். நீங்க எனக்கு ஒரு நாள் பாக்கி. அது அப்படியே நிக்கட்டும்"னேன்.

அப்புறம் ஒவ்வொருத்தரா நாத்துமுடியை வரப்பு மேல வெச்சுட்டுப் போனாங்க. சுல்லே அம்மா மட்டும் அழுதுக்கிட்டே போனா. நானும் அழுதேன், அவங்க போனப்புறம். ரெண்டு நாள் கழிச்சு ஸ்டேஷன்ல சோத்தை வாங்கல. ஆளு சியோலுக்குப் போயாச்சுன்னாங்க.

அந்த வருஷம் பச்சைக்கு நடுவுல என் வயல் மட்டும் வெறும் தண்ணியா நின்னுச்சு. நாரைங்க வந்து மீன் புடிச்சுதுங்க. ஊர்க்காரங்க அந்த வரப்புல நடக்கறதையே விட்டுட்டு, சுத்திக்கிட்டுப் போனாங்க. நானும் ஓக்பூனும் மலைக்கெழங்கு தின்னு காலத்தை ஓட்டினோம்.

ரெண்டு வருஷத்துல வடக்குக்கும் தெற்குக்கும் பெரிய சண்டை வந்துச்சு. சியோல் ஜெயில் கதவு தொறந்துச்சுன்னாங்க, உள்ள இருந்தவங்களைச் சுட்டுட்டாங்கன்னாங்க, வடக்கே ஓட்டிக்கிட்டுப் போனாங்கன்னாங்க. ஒண்ணும் நிச்சயமில்ல. உசுரோட இருக்காருன்னு காத்திருக்கவும் முடியல, செத்த நாள்னு ஒரு படையல் போடவும் முடியல. சண்டை நின்னப்போ கோடு நகர்ந்திருந்துச்சு. ஏரியும் வயலும் இப்ப ஒரே பக்கம், வடக்கே. தண்ணிக்கு இப்பச் சண்டையே இல்ல. நாங்கதான் ஊரோட படகேறி, தெற்குப் பக்கம் இருக்கற இந்தத் தீவுக்கு வந்துட்டோம். எதிர்க்கரையில எங்க வயலு கண்ணுக்குத் தெரியும்.

இங்க ஒரு துண்டு நெலம் குத்தகைக்கு எடுத்தேன். மொத நடவன்னைக்குக் கூப்பிடாமலே குவாக் வந்து நின்னாரு. தலைவர் பட்டமெல்லாம் போயி, கெழடு தட்டி, பல்லு விழுந்து போயிருந்துச்சு. நான் எழுந்து அன்னைக்கு மாதிரியே மடைக்கு நடந்தேன். அவரு வயல்ல எறங்காம வரப்பு மேலயே நின்னுக்கிட்டு, யாரோ அதிகாரி முன்னாடி நிக்கற மாதிரி கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னாரு.

"மான்சிக்கை ஊர்தான் அனுப்புச்சு. நான்தான் போகச் சொன்னேன்."

கேக்கறதுக்கு அங்க நானும் ஓக்பூனும்தான் இருந்தோம்.

நான் நாத்துமுடியை எடுத்து அவரு கையில குடுத்தேன். குனிஞ்சு நட ஆரம்பிச்சாரு. அவரு முதுகைப் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு எங்க ஊர்லேருந்து அந்த டவுன் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேர நடைதான்.