நூற்றுப் பன்னிரண்டு கிலோ கிடார்

அந்த ராக் பாடகனுக்கு நாற்பத்து நான்கு வயது நடந்தபோது அவனுடைய கிடார் நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை இருந்தது. வாங்கும்போது மூன்றரை கிலோதான். இடையில் அதில் யாரும் எதையும் கூடுதலாகப் பொருத்தவில்லை. பாட்டுகளில் அவன் எழுதிய பொய்கள்தான் ஏறியிருந்தன. இதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி. பார்சல் அலுவலகத்தில் கவுன்டர் வேலை அவளுக்கு. பெட்டியைத் தராசில் வைக்கும் முன்பே கையால் ஒரு தூக்குத் தூக்கி "ரெண்டு கிலோ நானூறு" என்பாள். தராசும் மறுபேச்சில்லாமல் அதையே காட்டும். என்றைக்காவது வேறு கணக்குக் காட்டினால், பழுது பார்க்கத் தராசைத்தான் அனுப்புவார்கள்.

பாடகன் அடிப்படையில் சாதுவான ஆள். தும்மினால்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்காது. துவைத்த துண்டுகளை நான்காக மடித்து ஓரம் சேர்த்து வைப்பான். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் வாந்தி வரும். இப்படிப்பட்டவன் மேடையேறி அலறுவதற்கு ஒரு துக்கம் வேண்டியிருந்தது. கைவசம் எதுவும் இல்லை. ஆகவே முதல் பாட்டிலேயே தன்னை அநாதையாக்கிக்கொண்டான். அரங்கமே அழுதது, முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் அம்மாவைத் தவிர. நிகழ்ச்சி முடிந்ததும் அவள் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நீ அநாதையாடா?"

"அது பாட்டும்மா."

"பாட்டுன்னா? உங்கப்பா டிக்கெட்டு கிழிக்கிற இடத்துல நின்னு எல்லார்கிட்டயும் என் பையன் என் பையன்னு சொல்லிட்டிருக்காரு. அவரு யாராம்?"

மறுநாள் பெருக்குவதற்காகக் கிடாரை நகர்த்திய மனைவி, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். சரியாக நான்கு கிலோ கூடியிருந்தது.

அடுத்து வந்தது சிறைப்பாட்டு. உண்மையில் அவன் காவல் நிலையத்துக்குப் போனது ஒரே ஒரு முறை, சைக்கிள் தொலைந்தபோது. அங்கே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டுக்கு ஒன்பது கிலோ. பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கும் பாட்டுக்குப் பதினான்கு. பிறகு, ரயில் நிலையத்தில் கைவிட்டுப் போன காதலியைப் பற்றி ஒன்று எழுதினான். அதைக் கேட்ட மனைவி, யார் அவள், எந்த ஸ்டேஷன் என்று கேட்கவில்லை. நேராகப் போய்க் கிடாரைத் தூக்க முயன்றாள். பதினொரு கிலோ கூடியிருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. மறுநாள் கவுன்டரில், முகவரி எழுதாமல் பார்சலை நீட்டியவர்களைப் பார்த்துக்கூடச் சிரித்தாள்.

பாட்டுகள் ஓகோவென்று ஓடின. கிடாரைத் தூக்க நான்கு ஆட்களை அமர்த்தினார்கள். அவன் வருகிறான் என்றால் மேடைத் தச்சர்கள் கூடுதலாக ஒரு வரிசைச் சட்டம் அடித்தார்கள். அவன் எழுத்தில் கனம் கூடிக்கொண்டே போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. டிரம்ஸ் வாசிப்பவர் அதைப் படித்துவிட்டு, "தூக்கிப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கான்" என்றார். பார்சல் அலுவலகத்தில் ஒரு பழைய மேடைத் தராசை வேண்டாமென்று ஒதுக்கியபோது மனைவி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறை மூலையில் போட்டு, கிடாரை அதன்மேலேயே நிறுத்தினாள். நின்ற இடத்திலேயே அவன் வாசிப்பான். வட்டத்துக்குள் முள் நகரும். நாளடைவில் எல்லாம் பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் புதுப் பாட்டைப் பாடினான். இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது, கதவைத் திற, நான் போகிறேன் என்று போனது அது. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரைப் பத்திங்க?"

"சும்மா. கற்பனைதான்."

அவள் தராசைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். முள் நூற்றுப் பன்னிரண்டிலேயே நின்றது. மயிரிழைகூட அசையவில்லை.

"போகணும்னா போங்க," என்றாள். குரல் கவுன்டரில் பேசுவதுபோலவே இருந்தது. "நான் குறுக்க நிக்கல."

அவன் பையில் இரண்டு சட்டைகளை, ஓரம் சேர்த்து மடித்து, எடுத்து வைத்தான். ஆனால் வீட்டைவிட்டுப் போகிறவன் கிடாரில்லாமல் போக முடியாது. கிடாரோ தனியாக ஒருவன் தூக்கிக்கொண்டு போகிற கிடார் இல்லை. ஆட்களுக்குப் போன் செய்தான். நான்கு மணிக்குத்தான் வண்டி வரும் என்றார்கள். அப்போது மணி ஒன்றரை. ஆகவே விட்டுப் போகிறவனும் விடப்படுகிறவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு கிடாருக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தான்.

"எப்பேர்ந்து?" என்று அவள் கேட்டாள்.

அவன் பையிலிருந்த சட்டையின் ஓரத்தை இன்னொரு தடவை நீவிவிட்டான். பிறகு சொன்னான். "நான் பாடி முடிச்சதும் நீ முள்ளைத்தான் பாக்குற. என் மூஞ்சியப் பாத்து எத்தனை வருஷமாச்சு?"

எத்தனை வருஷம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கணக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு எண் பிடிபடவில்லை. எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தராசின் முகத்தில் போட்டு மூடினாள். நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"இப்பப் பாடுங்க."

அவன் எழுதிவைக்காததைப் பாடினான். பேருந்தில் வாந்தி வருவதை. மேடையேறும் முன் கால் நடுங்குவதை. வண்டி வந்துவிடுமோ என்று இந்த நிமிஷம் பயமாயிருப்பதை. எதுகையும் இல்லை, மெட்டும் அங்கங்கே இடித்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் ஒன்றிரண்டு முடி நரைத்திருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்கு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்து, "ஏலே, தூக்கு" என்று ஒரே எக்காக எக்கினார்கள். கிடார் விட்டத்துக்கு எகிறி, நால்வரும் மல்லாந்து விழுந்தார்கள். துண்டை விலக்கி, மறுபடி வைத்துப் பார்த்தபோது ஐம்பத்தொன்று காட்டியது. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தரையில் கிடந்தபடியே ஒருவர் கேட்டார். எங்கேயும் இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நால்வருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதன்பிறகு இருபது வருடம் அவன் உள்ளதை உள்ளபடி பாடினான். கூட்டம் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவர்கள் சாய்ந்துகொள்ளத் தலையணையோடு வந்தார்கள். கிடாரும் பாட்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று இறங்கி ஒருவழியாகப் பழைய எடைக்கே வந்தது. தராசை இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

அறுபத்தாறாவது வயதில் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து, ஒரு பாட்டு எழுதினான். சாவே, வா, உட்கார், உன்னிடம் எனக்குப் பயமில்லை என்று. மனைவியின் முகத்தைப் பார்த்தே பாடி முடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவனே, "தூக்கிப் பாரு" என்றான்.

அவள் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியிருந்தது. கை ஓய்வு பெறவில்லை. குனிந்து தூக்கினாள். பத்தொன்பது கிலோ முந்நூறு. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், மெதுவாக இறக்கி வைத்தாள்.

"ஏறவே இல்லீங்க," என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. பஞ்சு மாதிரி இருக்கு."

அவன் அவளைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான்.

அன்று மாலை மேடைக்கு ஆறு படிகள் இருந்தன. கிடாரின் கழுத்துப் பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான். அடிப்பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினார்கள். மேலே ஒரு நாற்காலியில் அவன் உட்கார, பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு அவளும் உட்கார்ந்து, கிடாரின் பாதியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அவன் பாடினான். கிடாரை இப்படித்தான் வாசிப்பார்கள்போல என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.