பெயர் எழுத வந்த தகப்பன்

ராமநாதன் முதலாளி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டுக்கு முதன்முதலாக ஏறி வந்தபோது, அவர் பெற்ற மகளுக்கு முப்பத்துநான்கு வயது. மகள் ஷிரோமி கனடாவில் ஆஸ்பத்திரித் தாதி. குடியுரிமைச் சத்தியம் செய்து கொடியோடு நின்ற அவள் படத்தைப் பதுளையில் யாரோ ஒருவர் அவருக்குக் காட்டியிருந்தார்.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ஷிரோமியின் தாய் நேசராணி, வாசலில் வேனருகே நின்றவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முடி கொட்டியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எப்படி இருக்கீங்க நேசராணி?"

'நீங்க' என்றார். அவர் வீட்டில் அவள் பாத்திரம் கழுவிய காலத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. "ஏய்" என்றால் ஓடிப்போய் நிற்க வேண்டும். பதினேழு வயது அப்போது. பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணம் கட்டுகிறேன் என்று சொன்னவர், வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளைத் தோட்டப் பக்கம் போகும் பசறை பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி ஆளை அனுப்பினார். பிள்ளை பிறந்தபோது தகப்பன் வந்து கையெழுத்து வைத்தால்தான் பெயர் எழுதலாம் என்றார்கள். நேசராணி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சொல்லியனுப்பினாள். "தோட்டத்துல எத்தனையோ பேரு. நான் ஏன் வைக்கணும்?" என்று பதில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டார்கள்.

அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டுதான் ஷிரோமி பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொரு வருடமும் புது டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லி, "அப்பா பேரு?" என்பார். ஒருநாள் சாயங்காலம் வந்து, "அம்மா, செத்துட்டாருன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள். ஏழு வயது. நேசராணி எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

ராமநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றி வளைத்துத்தான் பேசினார். கடை நொடித்துவிட்டது. மகன் கிரிஷாந்தனுக்கு இங்கே எதிர்காலம் இல்லை. ஷிரோமி அம்மாவைக் கூப்பிடப்போகிறாளாம், ஐந்து வருடம் காத்திருந்து, மனுப் போடச் சொல்லி கனடா அரசாங்கத்தின் அழைப்பு வந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டார்.

"பெத்தவங்கள கூப்புடலாந்தானே? அப்பான்னு என்னைய கூப்புட்டா, சம்சாரமும் பையனும் எங்கூட வரலாமாம். அவனுக்கு இருபத்திரண்டு வயசு ஆகுறதுக்குள்ள செய்யணும்."

நேசராணி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்கே ஷிரோமியிடம் சொன்னாள். போனில் அவள் கத்தினாள். "வெளக்குமாத்தால அடிச்சு வெரட்டாம தேத்தண்ணி குடுத்தீங்களா?"

"நீ பேசாம இரு. அந்தாளுக்கு எந்த வாக்கும் குடுக்காத. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விசா படிவம் நிரப்பிக் கொடுக்கும் நப்ரீஸின் கடைக்கு நேசராணியும் ராமநாதனும் போனார்கள். நப்ரீஸ் எதையும் மறைத்துப் பேசுகிறவன் அல்ல.

"மகள் மூணு வருச வரிக் கணக்கு காட்டணும். எத்தன பேரு போறாங்களோ அதுக்கு ஏத்த வருமானம் வேணும். போய்ச் சேந்ததுலருந்து இருபது வருசம் அவங்க செலவு மகள் பொறுப்பு. நடுவுல கோவிச்சுக்கிட்டு கைய விட ஏலாது. யாரக் கூப்புடணும்னு முடிவு பண்றதும் அவங்கதான்." பிறகு ஷிரோமியின் பிறப்புச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தான். "முதலாளி, இதுல ஒங்க பேரே இல்லையே. ஒறவுக்கு அத்தாட்சி இல்லாம ஒங்கள பத்தி எழுதவே முடியாது."

"பேரு இல்லாம பேச்சே இல்லைங்க," என்றாள் நேசராணி. அவள் சொன்னது அவ்வளவுதான். பெயர் எழுதினால் விசா என்று அவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

பெயரைச் சேர்க்க தாயும் தகப்பனும் சேர்ந்து போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அவர்கள் போன அன்று பிரதேச செயலகத்தில் சரியான கூட்டம். பாதிப் பேர் அவர் கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவரும் காணி விஷயமாக வரிசையில் நின்றார். எழுதுவினைஞர் படிவத்தைப் பார்த்து, "யாருக்குங்க தகப்பன் பேரு சேக்கிறது?" என்றார்.

ராமநாதன் குனிந்து முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க மொதலாளி," என்றாள் நேசராணி. "ஐயாவுக்குக் கேக்கல."

"என்... என் மகளுக்கு."

"தாயோட விவாகம் நடந்திச்சா?"

"இல்ல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மகர்த்தா கையிலிருந்த கடதாசியை உற்றுப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார். ராமநாதனின் கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக் காலரை நனைத்ததை நேசராணி அவசரமில்லாமல் பார்த்தாள். பேனா அவர் கையில் வழுக்கியது. அவள் பெருவிரல் ரேகை வைக்கவில்லை. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஆவணங்களை இரண்டு மாதத்துக்குள் கனடாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், அவரே தெரிந்தவர்களைப் பிடித்து அலைந்து மூன்று வாரத்தில் புதுச் சான்றிதழை வாங்கிவிட்டார். மனைவி, மகன் கடவுச்சீட்டுகளோடு நப்ரீஸின் கடைக்கு வந்தார். நேசராணி சான்றிதழை வாங்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, பையில் வைத்துக்கொண்டாள். நப்ரீஸ் வீடியோ அழைப்பில் ஷிரோமியைக் கூப்பிட்டான்.

"மகளே," என்றார் ராமநாதன்.

"அம்மாவுக்கு மட்டுந்தான் எழுதுறேன்," என்றாள் ஷிரோமி.

"நான் ஒன் அப்பா! இப்ப சட்டப்படி அப்பா!"

"ஆமா. அந்தப் பேரு எனக்கு வேணும், எடுத்துக்கிட்டேன். இருபது வருசம் ஒங்களுக்கு நான் பொறுப்பு ஏக்கணுமா? ஒரு நாளாச்சும் எனக்கு நீங்க ஏத்தீங்களா?"

அவர் நேசராணியின் பக்கம் திரும்பினார். "ஏமாத்திட்டியேடி!"

'நீங்க' போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நான் என்னா வாக்குக் குடுத்தேன் மொதலாளி? நீங்கதான் ஒரு காலத்துல குடுத்தீங்க."

அவர் மகனின் கடவுச்சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். நப்ரீஸ் அதை எடுத்து வைத்தான். "அந்தப் பையன் பாவமில்லையாக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

"பாவந்தான். அவங்கப்பாகிட்ட போய்க் கேக்கட்டும்."

செயலகத்தில் நடந்தது ஏற்கெனவே பஜார் முழுக்கப் பரவியிருந்தது. விசாவும் இல்லை என்றானதும் ராமநாதனின் மனைவி துஷ்யந்தி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோயில் திருவிழாவில் வேலுக்குப் பின்னால் முதல் வரிசையில் நடக்க அவருக்கிருந்த மரியாதை அந்த ஆடியில் வேறொருவருக்குப் போனது. கிரிஷாந்தன் ஷிரோமிக்கு, "அக்கா, இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று ஒரு வரி அனுப்பினான். பதில் போடுவதா என்று ஷிரோமி அம்மாவைக் கேட்டாள். "ஒன் இஷ்டம். என்னைய கேக்காத," என்றாள் நேசராணி. அந்த ஒன்றில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மனம் உறுத்தியது. ஆனால் அதற்காக எதையும் மாற்றிக்கொள்ள அவள் தயாராயில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கும் கைரேகைக்கும் அவள் கொழும்புக்கு இரண்டு தடவை போய்வந்தாள். விசா இன்னும் வரவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் யாராவது, "எப்ப போறீங்க அக்கா?" என்று கேட்டால், "வரும்போது வரும். என் வேல முடிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவாள்.