மிச்சம் வைத்த தட்டுகள்

லிஃப்ட்காரருக்குப் புது வீடு பிடித்துப்போனதற்கு வீடு காரணம் இல்லை, தூரம்தான் காரணம். பதினெட்டு வருஷமாக நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் என்று மாறி வந்து, நடுநகரத்துக் கட்டடங்களில் மக்கர் செய்யும் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்த்துவிட்டு, அதே ரயில், அதே பஸ் பிடித்துத் திரும்பிய மனிதர் அவர். இப்போது பன்னிரண்டு நிமிஷம் நடந்தால் வேலை. முதல் நாள் அப்படி நடந்து போனபோது, யாரையோ ஏமாற்றிவிட்டுத் தப்பித்து வந்த மாதிரி இருந்தது அவருக்கு. இரண்டு தடவை திரும்பிக்கூடப் பார்த்தார்.

வீடு என்று பார்த்தால், சலவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. சமையலறையில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். அந்த ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் கதவையும் சாத்தலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பழைய வீட்டில் இதைப் போல மூன்று மடங்கு பெரிய சமையலறை இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அவருடைய மனைவி சமையல்காரி. சாதாரணச் சமையல்காரியும் இல்லை. அறுநூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியின் சமையலறைக்குத் தலைவி. உப்பில்லாதது, சர்க்கரை இல்லாதது, பல்லில்லாதவர்களுக்குக் குழைத்தது என்று ஒரு நாளைக்கு நாற்பது அண்டாக்கள் வார்டுகளுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் அவள் இரண்டு கரண்டி ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். அப்படிப் பழகிய நாக்கு. டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேசுவார்களாம்.

அவள் புதுச் சமையலறையில் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். நேராக நிற்க இடமில்லை.

"இதுக்குள்ள நின்னு என்னால சமைக்க முடியாதுங்க" என்றாள். "இங்கயே இருக்கணும்னா, நான் தட்டைக் காலி பண்ற மாதிரி ஒரே ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டுங்க. எட்டு சனிக்கிழமை தர்றேன். அதுக்குள்ள முடியலைன்னா பழைய வீட்டுக்கே மூட்டையக் கட்டிடலாம்."

பழைய வீட்டை அவர்கள் இன்னும் விட்டுவிடவில்லை. புது வீட்டுக்காரம்மாவும் இரண்டு மாதம் இருந்து பாருங்கள், பிடித்தால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். எனவே கெடு கச்சிதமாகப் பொருந்தியது. சனிக்கிழமை மட்டும்தான் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கிற நாள். மற்ற நாட்களில் அவள் ராத்திரிச் சாப்பாட்டு வண்டிகளை அனுப்பிவிட்டு வர ஒன்பதாகும். ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும், நோயாளிகளுக்கு ஞாயிறும் பசிக்கும்.

லிஃப்ட்காரர் உடனே தலையாட்டிவிட்டார். அந்தப் பேட்டையில் தடுக்கி விழுந்தால் சாப்பாட்டுக் கடை. ஒரு மனுஷி, ஒரு தட்டு. இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது என்று நினைத்தார், பாவம்.

முதல் சனிக்கிழமை பாலத்தடியில் இருந்த சூப் கடை. அவள் நல்ல உடையாகப் பார்த்து உடுத்தி, ஒரு கல்யாணத்துக்குப் போகிற நிதானத்தோடு கிளம்பினாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கரண்டி குடித்தாள். நேற்றைய சூப்புக்கு இன்றைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னாள். அதன்பிறகும் பாதிக் கிண்ணம் குடித்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிச்சம் பாதி அப்படியே இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை மீன் வறுவல் கடை. எண்ணெய் மூன்றாவது தடவையாகக் காய்கிறது என்றாள். கடைக்காரன் இல்லவே இல்லை என்று சாதித்தான். அவள் ஒரு பார்வை பார்த்ததும், இரண்டாவது தடவைதான் என்று இறங்கி வந்தான். இங்கேயும் கோடு போட்டு நிறுத்தினாற்போல் பாதி மீன் மிச்சம்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு அவர் தெருமுனை வரை வரிசை நிற்கிற ஒரு கடையைப் பிடித்தார். நெருப்பில் வாட்டிய கோழி, மேலே வறுத்த பூண்டு தூவிய சோறு. முக்கால் மணி நேரம் கால் கடுக்க நின்று உள்ளே போனார்கள். அவர் மூக்கைப் பிடிக்கச் சாப்பிட்டார். அவளும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டே போனாள். முக்கால் தட்டைத் தாண்டியது. அவர் அவளுடைய கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாலு வாய் இருக்கும்போது கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் மிச்சம்?"

"நல்லா இருக்கறது வேற, காலி பண்றது வேற" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று லிஃப்ட்காரர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு தொழில் கைகொடுத்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றால் அவர் பதறமாட்டார். மோட்டாரா, இல்லை. கதவா, இல்லை. வயரா, இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் பழுது. அதே கணக்கில் ஒரு நோட்டுப் போட்டு உப்பு, எண்ணெய், சூடு, சத்தம் என்று கட்டங்கள் வரைந்தார். கோழிக் கடையில் எல்லாக் கட்டத்துக்கும் முழு மதிப்பெண். ஆகவே பழுது நாற்காலியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நாற்காலி என்றும் ஒரு கட்டம் சேர்த்தார்.

அதற்கப்புறம் மதிய இடைவேளையெல்லாம் வேவு பார்ப்பதற்கே போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு கடை. சில நாள் இரண்டு. இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. உடன் வேலை செய்பவர்கள், இவரை ஏற்றினால் லிஃப்ட்டே மணியடிக்கும் என்று கலாய்த்தார்கள்.

நாலாவது சனிக்கிழமையும் மிச்சத்தோடுதான் முடிந்தது. ஐந்தாவது சனிக்கிழமைக்கு ஒரு முட்டைக் கடை கிடைத்தது. நாலே ஸ்டூல், ஒரே கல், அந்தக் கல்லின் முன்னால் வெங்காயத்தை முடி கனத்துக்கு நறுக்கும் ஒரு மனிதர். அவர் போட்ட ஆம்லெட்டில் மிளகும் வெண்ணெயும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. இங்கே கவிழ்ந்துவிடுவாள் என்று லிஃப்ட்காரருக்கு நிச்சயமாகத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முந்தின நாளே போய், நாளைக்கு என் மனைவி வருகிறாள், பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறைக்கே அவள்தான் தலைவி, பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் தட்டில் வந்தது வெளிறிப்போன ஒரு வஸ்து. வெண்ணெய் இல்லை, மிளகு இல்லை, உப்பு பெயருக்குக்கூட இல்லை. பக்கத்தில் வேகவைத்த கேரட் நாலு துண்டு. முட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதியவர் மாதிரி நின்றார்.

அவள் இரண்டு கரண்டி எடுத்துக் கண்ணை மூடினாள். "இது எங்க நாலாவது மாடிக்குப் போற சாப்பாடு" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் குடுப்போம்."

பெரிய இடத்து அம்மா, ஆரோக்கியமாகச் செய்தால்தான் பிடிக்கும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக முட்டைக்காரர் பெருமையோடு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, அவர் மனம் நோகாமல் பாதியைச் சாப்பிட்டு, நன்றி சொல்லி, தெருமுனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வீடு வந்து சேர்ந்ததும் லிஃப்ட்காரர் நோட்டை எடுத்து, ஒரு சனிக்கிழமை வீண் என்று எழுதினார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அந்த வாரம் போன் செய்தாள். அம்மா இப்போதெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளே, என்ன விசேஷம் என்று கேட்டாள். ஜெயிக்கப் போகிறாள், அதான் சிரிக்கிறாள் என்று அப்பா கடுப்போடு பதில் சொன்னார்.

ஆறாவதும் ஏழாவதும் அப்படியே போயின. ஒரு கடையில் நாற்காலிக்கு மெத்தை இருந்தும் பயனில்லை. இதற்குள் அந்தப் பேட்டையின் சந்துபொந்தெல்லாம் மனைவிக்கு அத்துப்படியாகிவிட்டது. இந்தப் பக்கம் போனால் வெயில் படாது, அந்தக் கடையில் நல்ல எலுமிச்சை கிடைக்கும் என்று அவள்தான் வழி காட்டிக்கொண்டு போனாள். கீழே சலவைக்காரம்மா அவளிடம் வீட்டுக்கதை சொல்லுமளவுக்கு நெருங்கியிருந்தாள். இதெல்லாம் கண்ணில் பட்டிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். அவர் நோட்டில் குனிந்திருந்தார்.

எட்டாவது சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள். திங்கட்கிழமை கையெழுத்தா, சாவியா, இரண்டில் ஒன்று வேண்டும் என்றாள். லிஃப்ட்காரருக்குக் கடைசியாக ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு அம்மாவும் மகளும் நடத்தும் கடை. ஒரு மணிக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு போன் வந்தது. ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆறு பேர். போகாமல் முடியுமா? ஓடினார். கதவைத் திறந்து, ஆறு பேரையும் வெளியே எடுத்து, அவர்களில் ஒருவர் திட்டியதையும் கேட்டுக்கொண்டு வெளியே வரும்போது மணி மூன்றே முக்கால். மனைவி அந்தக் கட்டட வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சந்தைக் கடை மூடிவிட்டது. கோழிக் கடை மூடிவிட்டது. மூன்றிலிருந்து ஆறு வரை அந்தப் பேட்டையில் நல்ல அடுப்பு எதுவும் எரிவதில்லை. ஆறு மணிக்கோ, அன்றைக்கென்று அவருக்கு ராத்திரி முறை போட்டிருந்தார்கள். அலைந்து அலைந்து, பஸ் பணிமனைக்குப் பின்னால் டிரைவர்களுக்காக நாள் முழுவதும் திறந்திருக்கும் ஒரு தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாறியவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு தட்டைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

சோறு காலையில் வடித்தது. தட்டைச் சாய்த்தாலும் நகராது. குழம்பில் உருளைக்கிழங்கு பாதி வெந்திருந்தது, மீதி வேகவில்லை. ரொட்டி ஒன்று இருந்தது, மேஜையில் தட்டினால் சத்தம் வந்தது. லிஃப்ட்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார், விழுங்கினார், கையை எடுத்துவிட்டார். தோற்றாயிற்று. மறுபடியும் இரண்டு பஸ், ஒரு ரயில். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நின்றிருந்த பஸ்களை எண்ண ஆரம்பித்தார்.

பதினொன்று எண்ணிவிட்டுத் திரும்பினால், அவள் தட்டில் சோறு இல்லை. குழம்பும் இல்லை. ரொட்டியின் கடைசித் துண்டால் தட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடிக்க ரொம்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றார் அவர், நம்ப முடியாமல்.

"கேவலமா இருக்கு." ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "இவரை எங்க சமையலறைல ஒரு நாள் வெச்சிருக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் காலி பண்ணின?"

"இன்னைக்குக் கெடு முடியுதே."

அவர் பேயறைந்தவர் மாதிரி பார்த்தார். "அப்ப அந்தக் கோழிச் சோறு?"

"அதை மிச்சம் வெக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூணாவது வாரமே காலி பண்ணியிருந்தா, கடை கெடைச்சுதுன்னு சொல்லிட்டு நீங்க அடுத்த சனிக்கிழமை போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்கியிருப்பீங்க." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "பதினெட்டு வருஷத்துல நாம எதிரெதிர உக்காந்து சேந்தாப்ல எட்டு வேளை சாப்பிட்டிருக்கமா, யோசிச்சுப் பாருங்க."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். மகளுடைய கல்யாணம் ஒன்று. யாரோ இறந்த வீட்டில் ஒன்று. மூன்றாவது ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்து, காலியாக இருக்கவும் கீழே வைத்தார். வீடு அவளுக்கு எப்போது பிடித்துப்போனது என்று கேட்டார். சலவைக் கடை வாசனை மாடிக்கு வரும்போதெல்லாம் பிடித்தது என்றாள். திங்கட்கிழமை மறக்காமல் கையெழுத்தைப் போடச் சொன்னாள்.

பரிமாறியவர் வந்து அவளுடைய தட்டை எடுத்தார். அவ்வளவு சுத்தமான தட்டை அந்தக் கொட்டகை பார்த்ததில்லை போல. ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு லிஃப்ட்காரரின் தட்டுக்குக் கை நீட்டினார். ஒரு வாய் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"ஏங்க, நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்குத் தட்டு காலியாகலை" என்றார் லிஃப்ட்காரர். "நான் காலி பண்ற மாதிரி ஒரு கடையை இனிமே நீ காட்டு."

அவள் அவரையும், இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டிருந்த பெல்ட்டையும் மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எத்தனை சனிக்கிழமை கெடு என்று கேட்டாள்.

"கெடுவெல்லாம் இல்லை" என்றார் அவர். "எனக்கு அவ்வளவு சீக்கிரத்துல எதுவும் பிடிக்காது."