சாயாத கழுத்து

மூன்றாவது கரண்டி ஆப்பிள் கூழை கோரின் உதட்டருகே கொண்டுபோனபோது அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு, கடிதம் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"முதல்ல அதைப் படி. கூழ் எங்கேயும் ஓடிடாது."

"இதைச் சாப்பிட்டாதான் படிப்பேன்."

"சாகக் கிடக்கிறவன்கிட்டயே பேரம் பேசறியா?"

அது கேலியில்லை, உண்மை. காலையில் வந்த செவிலி டொலோரஸ் அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோரினை அடுக்களைக்கு அழைத்துப் போய், "இன்னிக்கு ராத்திரியைத் தாண்ட மாட்டார்" என்று சொல்லியிருந்தாள். லைல் ஆஸ்ட்ராண்டருக்கு வயது எண்பத்தெட்டு. அரிசோனாவில் ஊருக்கு மேலே மலையிலிருந்த தொலைநோக்கியில் முப்பத்தேழு வருடம் கண்ணை வைத்திருந்தவர். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் முகமே அந்தக் கண்ணுக்குப் புகையாகத்தான் தெரிந்தது.

கடிதம் கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சிக்காரி எழுதியது. செயற்கைக்கோள் ஒன்று அப்பாவின் நட்சத்திரத்தை அளந்திருக்கிறதாம். அப்பாவின் நட்சத்திரம் என்றால் ஒன்றல்ல, இரண்டு. அவை ஒன்றையொன்று சுற்றிவர இருநூற்றுப் பத்து வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டவர் அவர். அந்தக் கணக்குதான் அவருக்குப் பதக்கம் தந்தது, பாடப் புத்தகத்தில் பெயரைப் போட்டது. அந்த நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிவது அக்டோபரில். கோரினும் பிறந்தது பாழாய்ப் போன அந்த அக்டோபரில்தான். அவள் மெழுகுவத்தி ஊதும்போதெல்லாம் அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கும். அந்த இரண்டு நட்சத்திரங்களையும் சின்ன வயதில் அவள் மனதாரச் சபித்திருக்கிறாள்.

முதல் பக்கம் முழுக்க மரியாதை. இரண்டாம் பக்கத்தில் கோரினின் குரல் நின்றுவிட்டது. 'இவை ஜோடியே அல்ல. ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து ஒரே திசையில் தெரிவதால் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.'

"ஏன் நிறுத்திட்டே?"

"தொண்டை கட்டிக்கிச்சு." அவருடைய தண்ணீரையே எடுத்து ஒரு வாய் குடித்தாள். "உங்க கணக்கு அப்படியே சரியா இருக்காம்."

"வித்தியாசம் எவ்வளவு?"

"வித்தியாசமே இல்லையாம்பா."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

"வித்தியாசமே இல்லாத அளவை இந்த உலகத்துல எவனும் எடுத்ததில்லை, கோரி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே! உங்கம்மாவுக்கும் இப்படித்தான், பொய் சொல்ல வராது. உள்ளதைப் படி."

படித்தாள். அத்தனை அக்டோபரும் இதற்காகவா என்ற ஆத்திரம் ஒருபுறம், இதைப் போய் இன்றைக்கு இவர் காதில் போடுகிறோமே என்ற வேதனை ஒருபுறம். கடிதம் மேலே போயிற்று. '1969 அக்டோபர் வரை நீங்கள் எடுத்த அளவுகள் நேர்கோட்டில் வருகின்றன. செயற்கைக்கோளின் அளவோடும் பொருந்துகின்றன. அந்த அக்டோபருக்குப் பிறகு இரண்டுக்கும் இடையே எடுத்த கோணங்கள் மட்டும் ஒரே பக்கமாக விலகிக் கோட்டை வளைக்கின்றன. அந்த வளைவையே சுற்றுப்பாதை என்று கொண்டுவிட்டீர்கள். அப்போது கருவியை மாற்றினீர்களா?'

"கருவியை மாத்தலை" என்றார் அப்பா. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்து" என்றார்.

1969 அக்டோபர் பதினான்கு, அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாள். அந்த ஒரு வருடம்தான், அம்மா போட்ட சண்டையில், சாயங்காலமே அப்பா மலையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பருவத்தின் முதல் பனி. கார் சறுக்கி மரத்தில் மோதியது. கேக்கை வெட்டாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கழுத்து எலும்பைத் திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு யாராவது கூப்பிட்டால் அப்பா முழு உடம்போடுதான் திரும்புவார்.

"ரெண்டு நட்சத்திரமும் இருக்கிற வாட்டத்துக்கு நம்ம ரெண்டு கண்ணும் வர மாதிரி தலையைச் சாய்ச்சுத்தான் கோணம் எடுக்கணும். இல்லேன்னா கண்ணு ஏமாத்திடும். கத்துக்க வர்ற பசங்களுக்கு முதல் பாடமே அதுதான். எனக்குத் தலை சாயலை. சாய்க்காமலே எடுத்தேன். லென்ஸைச் சரி பார்த்தேன், கடிகாரத்தைச் சரி பார்த்தேன். என்னை மட்டும் பார்க்கலை."

"என்னாலயாப்பா?" கோரினுக்கு வயது ஐம்பத்தெட்டு. கேட்ட குரலுக்கு ஒன்பது கூட இருக்காது.

"சீ. பனியால. ஒரு பேப்பர் எடு, பதில் எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'நீங்கள் சொல்வது சரி. 1969 அக்டோபர் பதினான்கிற்குப் பிறகு நான் எடுத்த அளவுகளைத் தள்ளிவிடுங்கள்.'

"காரணம் போட வேணாமா?"

"போடு. மகளோட பிறந்தநாளுக்குப் போற வழியில கழுத்து முறிஞ்சுதுன்னு போடு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்குப் போனதுக்கு வருத்தமில்லைன்னு எழுதாதே. அது அந்தப் பொண்ணுக்கு எதுக்கு?"

கோரின் எழுதவில்லை. கழுத்து முறிந்த வரியோடு பதிலை முடித்தாள்.

மதியம் இரண்டரை மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

செய்தி கேட்டு டொலோரஸ் திரும்பி வந்து அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இரங்கல் குறிப்பு எழுதுகிறவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, இந்த நேரத்துல கேக்கறேன். அந்த இரட்டை நட்சத்திரத்தைத்தான் முதல் வரியா போடறோம். இருநூத்திப் பத்து வருஷம்தானே?"

மேசைமேல் அப்பா சொல்லி அவள் எழுதிய பதில் இருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. கிழித்து அடுப்பில் போட்டால் அந்த முதல் வரி இன்னும் கொஞ்ச காலமாவது இருக்கும்.

"அதைப் போடாதீங்க" என்றாள் கோரின்.

"அப்ப வேற என்ன போடறதும்மா?"

தொலைபேசியை வைத்தாள். பதிலை உறையில் போட்டு ஒட்டி, காலுறையோடு வெளியே இறங்கி, உருகிய பனிச் சேற்றில் நடந்து, சாலையோரத் தபால் பெட்டிக்குள் வைத்தாள். எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறதென்று காட்டும் சிவப்புத் தகட்டை நிமிர்த்தினாள்.

"ஐயோ, காலைப் பாருங்க!" என்று வாசலிலிருந்து டொலோரஸ் கத்தினாள். "உள்ள வாங்க, தபால் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்!"

கோரின் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்தபடி அங்கேயே நின்றாள்.