மேல்கரைக் கிளிகள்

ஆடி மூன்றாம் வெள்ளி. பாவடித் தெரு செல்லியம்மனுக்குப் புதுச் சேலை சாத்துவது பதினொன்றரைக்குத்தான். அபிநயா பத்து மணிக்கே வந்து நின்றாள். சீக்கிரம் வந்ததற்குக் காரணம் பக்தி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது. இன்று சாத்தப்போகிற சேலையின் கரை அவள் போட்ட டிசைன். அதைப் பார்க்கத்தான் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பகலில் அவள் ஒரு பட்டுக்கடையில் சேலை மடிப்பவள். மாலையில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறாள். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போட்டதெல்லாம் திரையோடு சரி, அட்டைகளில் துளையாகக் குத்தி, கோத்துத் தறி ஏறிய முதல் டிசைன் இதுதான்.

தெருக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு தறிக்காரரை முறை வைத்து அம்மனுக்குச் சேலை நெய்யச் சொல்வார்கள். இந்த ஆண்டு முருகேசனின் முறை. கடைக்குச் சேலை கொண்டுவந்த அவர் மனைவி தையல்நாயகிதான் பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். வழக்கமாகக் கரையில் ருத்திராட்சம்தான் வரும் என்றும் சொன்னாள். “கிளி போடலாமாக்கா? நான் போட்டுத் தரேன்” என்று கேட்டது அபிநயா. வலியப் போய்க் கேட்டாள். அது இப்போது நினைவுக்கு வந்து உறுத்தியது.

உறுத்தக் காரணம் இருந்தது. தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவளுக்கு இந்தக் கோயில் இன்றுதான் முதல் முறை. உள்ளே அம்மன் போன ஆண்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் அம்மனின் உயரம். முழுச் சேலையையும் சின்னச் சின்ன மடிப்பாகக் கொசுவி, தோளிலிருந்து பாதம் வரை நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். மேல்கரை தோளில், கீழ்கரை பாதத்தில். இரண்டிலும் ருத்திராட்சம். ருத்திராட்சத்துக்குத் தலை எது, கால் எது?

கிளிக்குத் தலை உண்டு.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறைப்படி அவள் கீழ்கரையைப் போட்டு, அதையே கவிழ்த்து மேல்கரை ஆக்கியிருந்தாள். பெண்கள் உடுத்தும் சேலையில் அதுதான் சரி. இரண்டு கரையிலும் கிளிகளின் தலை சேலையின் நடுப்பக்கம் பார்க்கும். அதே சேலையை இப்படித் தோளிலிருந்து தொங்கவிட்டால்? நோட்டை எடுத்து மேலே ஒரு கிளி, கீழே ஒரு கிளி வரைந்து பார்த்தாள். தான்தான் குழப்பிக்கொள்கிறோமோ என்று இன்னொரு தாளில் வரைந்தாள். மூன்றாவது தாளிலும் மேல்கிளி தலைகீழாகவே வந்தது.

பூசாரி குமரகுரு எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்தார்.

“பூசாரியண்ணா, சேலையை எப்பவும் இப்படித்தான் கட்டுவீங்களா?”

“பின்ன? அம்மன் இன்னா பஸ் புடிச்சு வேலைக்கா போவுது, கொசுவத்த இடுப்புல செருவிக்கினு போறதுக்கு?”

“மேல்கரையை உள்ளே மடிச்சுட முடியாதா?”

“ரெண்டு கரையும் தெரியணும்மா. அதுக்குத்தானே ரெண்டு பக்கமும் கரை வெச்ச ரெட்டைப்பேட்டு.”

அவள் நோட்டைக் காட்டினாள். முருகேசன் காலையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்த புதுச் சேலை தட்டில் இருந்தது. அவர் அதன் ஒரு முனையைப் பிரித்துத் தன் தோளிலிருந்து தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“சரி வுடு. சம்பங்கி மாலை மூணு இருக்குது. தோளோட சேத்துப் போட்டுட்டா ஒரு கிளியும் தெரியாது. நீ சொல்லாத, நானும் சொல்லல.”

அபிநயாவுக்கு மூச்சு வந்தது. அது நிலைக்கவில்லை. முருகேசனும் தையல்நாயகியும் குளித்து, புதுத்துணி உடுத்தி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“வந்துட்டியாமா?” என்றார் முருகேசன். “சின்ன காஞ்சிபுரத்துலேர்ந்து என் தங்கச்சி வூட்டுல எல்லாரையும் வரச் சொல்லிக்கீறேன். மேல்கரையைப் பாருங்கடா, கரையும் உடம்பும் சேர்ற எடத்துல கோர்வை எப்படி வுழுந்துக்கீதுன்னு பாருங்கடான்னு சொல்லிக்கினு வந்தேன்.”

மாலை போட்டு மூடினால் இருபது நாள் உட்கார்ந்து நெய்த மனிதரின் வேலை யார் கண்ணிலும் படாது. மூடாவிட்டால் தலைகீழ்க் கிளி தெரியும். தெருவே தறிக்காரத் தெரு; நெய்தவனைத்தான் கேட்பார்கள். பூசாரி அவளைப் பார்த்துக் கண்ணாலேயே ‘சும்மா இரு’ என்றார்.

“அண்ணா, மேல்கரையில கிளி தலைகீழா வரும்” என்றாள். பிறகு நோட்டை நீட்டினாள். மூன்று தாளையும் காட்டினாள்.

முருகேசன் வெகுநேரம் பார்த்தார். “தறியில உக்காந்தா எடமும் வலமும்தான்மா தெரியும். மேல கீழங்கறது கட்டினாத்தானே” என்றார். பிறகு குரல் மாறியது. “கோயிலுக்குன்னு தெரியுமில்ல? ஒரு நாள் வந்து பாத்திருக்கக் கூடாதா நீ?”

“பாத்திருக்கணும்ணா. பாக்கல.”

“நாப்பது வருசமா தெனம் இந்த அம்மனைக் கும்புடறீங்களே, நீங்க பாத்தீங்களா?” என்றாள் தையல்நாயகி. “ஏழு மாசம் படிச்ச பொண்ணைப் போயி கேக்கறாரு.”

முருகேசன் சேலையைக் கையில் எடுத்து மேல்கரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத் தட்டில் வைத்தார். பூசாரி சம்பங்கி மாலையை எடுத்து அம்மன் தோளருகே பிடித்துக் காட்டினார்.

“மாலையைக் கால்ல போடு குமரகுரு. கரையை மூடாத.”

திரை போட்டார்கள். பதினொன்றரைக்குள் கோயில் நிறைந்துவிட்டது. திரை விலகிக் கற்பூரம் காட்டியதும் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். தூக்கிய கைகள் இறங்கியதும் கண்கள் கரைக்குப் போயின. அரக்குச் சேலை, பச்சைக் கரை. பாதத்தருகே கிளிகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. தோளருகே அத்தனையும் தலைகீழாகத் தொங்கின.

“இன்னாபா முருகேசா,” என்றார் எதிர்வீட்டுத் தறிக்காரர் தர்மன், கோயில் முழுக்கக் கேட்கும்படி. “மேல கிளியெல்லாம் வவ்வாலாட்டம் தொங்கிக்கினு கீது? அட்டையைத் தூக்கத்துல கோத்தியா?”

சிரிப்பு எழுந்தது. முருகேசனின் தங்கை வீட்டார் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அபிநயா ஓரடி முன்னால் வந்தாள். குரல் தேவைக்கு அதிகமாகவே எழுந்தது.

“அட்டை சரியாத்தான் கோத்தாரு. நெய்ததும் சரி. டிசைன் நான் போட்டது. தப்பு என்னுது.”

எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின.

“நீ யாரு?” என்றார் தர்மன்.

“அபிநயா. தாமல்.”

“தாமல்ல ஏரிதானே கீது, தறி ஏது?”

மறுபடி சிரிப்பு. “கிளின்னா தலைகீழா தொங்கத்தான் செய்யும். உங்க வூட்டுக் கொய்யா மரத்துல பாத்ததில்லையா?” என்றாள் தையல்நாயகி. தர்மன் மட்டும் சிரிக்கவில்லை. “அம்மனுக்குச் செய்யறதுல தொழில் பழகக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் தவறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

முருகேசன் தங்கை வீட்டாரை முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். “கிளியை வுடு, கோர்வையைப் பாரு. எங்கியாவது பிசிறு தெரியுதா?” அவர்கள் எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது அபிநயாவின் அருகில் நின்றார்.

“ஆவணியில தறியில புதுப் பாவு ஏத்தறேன். கிளியே போடு. ஆனா அட்டை குத்தறதுக்கு முன்னால எங்கிட்ட காட்டணும். காட்டாம குத்தினே, அப்புறம் இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது.”

“சரிங்கண்ணா.”

“போ, போயி கும்புடு.”

காலையிலிருந்து அம்மனை அத்தனை நேரம் பார்த்தும் ஒரு முறைகூடக் கும்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.