பாதி டாங்கில் நிற்கிற பஸ்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பது பணிமனையில் எல்லாருக்கும் தெரியும். என் தங்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்று காலை நான் டீசல் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் வராமல் பஸ் படியிலேயே உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினாள்.

"நேத்தும் நின்னுடுச்சுண்ணே. அதே மேட்டுல."

"தெரியும். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தவன் நான்தானே."

அவள் ஓட்டுநர். மேட்டுக்கு மேலே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்தப் பழைய டீசல் பஸ்ஸைப் பதினான்கு வருஷமாக ஓட்டுகிறாள். இந்த மாதத்தில் மூன்று முறை நடுவழியில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தானே ஏறி வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் நின்றால் பஸ் பழைய இரும்புக்கு, அவள் டிக்கெட் கவுண்ட்டருக்கு என்றும் மேலாளர் சொல்லிவிட்டார். கவுண்ட்டரில் உட்காருவதைவிட வீட்டில் உட்காரலாம் என்று அவள் என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். என்னிடம் அழமாட்டாள், ராங்கிக்காரி.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பிரித்து அடியில் தேக்கும் பெரிய ஃபில்டராக மாட்டினேன். வெடித்துப்போன ரப்பர் ஹோஸ் அத்தனையும் புதுசு. டீசலை இழுக்கும் அரதப்பழசான பம்ப்புக்குப் பதிலாக மின்சாரப் பம்ப். எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தேன். ஆறும் பனி மாதிரித் தூவின. இப்படி ஒரு வேலையை இந்த ஊரில் இன்னொருத்தன் செய்யட்டும் பார்க்கலாம் என்று பீற்றிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் டாங்கை வழிய நிரப்பி மேடு வரை ஓட்டிப் பார்த்தேன். சோதனை ஓட்டம் என்றால் டாங்க் நிறைந்திருக்க வேண்டும், அது எங்கள் பணிமனை வழக்கம். ஒரு முறைகூட நிற்கவில்லை. அவளிடம் கொடுத்த மூன்றாம் நாள் நின்றுவிடும்.

"ஒண்ணு சொல்லவாண்ணே? திட்டக் கூடாது."

"சொல்லு. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"நின்ன மூணு தடவையும் டீசல் முள்ளு பாதிக்குக் கீழ இருந்துச்சு. டாங்க் ரொம்பியிருந்தா நிக்கிறதே இல்ல."

"அடியில அழுக்கு இருக்கும். அதுக்குத்தானே ஃபில்டர் போட்டிருக்கேன்?"

"அதுல அழுக்கு இருக்கா?"

கையிலிருந்த ஃபில்டரைப் பார்த்தேன். கழுவி வைத்த தட்டு மாதிரிச் சுத்தமாக இருந்தது.

"அழுக்கு இல்லண்ணே, காத்து. நிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ திணறுது. எங்கயோ காத்த இழுக்குது."

"ஸ்டியரிங் புடிச்சவளெல்லாம் மெக்கானிக்கா? போய் வண்டியக் கழுவு!"

அவள் போகவில்லை. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டாங்கின் மேல்மூடியைக் கழற்றினேன். அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் கழற்றினேன், வேறு எதற்கும் இல்லை. டாங்கின் அடிவரை இறங்கி டீசலை உறிஞ்சும் இரும்புக் குழாயை வெளியே இழுத்தேன். ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் ஊதினேன்.

குழாயின் நட்டநடுவிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. துரு தின்று, குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

டாங்க் நிறைந்திருந்தால் ஓட்டை டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும். மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியதும் டீசலோடு காற்றையும் உறிஞ்சும், எஞ்சின் திணறி நிற்கும். நான் நிரப்பி நிரப்பியே சோதித்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வெண்ணெய் பஸ் படியில் உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே, அழுக்கா, காத்தா?"

"வாய மூடு. கெட்டியான குழாயா ஒண்ணு வெட்டணும். வந்து புடி."

வெள்ளிக்கிழமை மேலாளர் ஏறியதும் முதலில் முள்ளைத்தான் பார்த்தார். கால் டாங்குக்கும் கீழே நின்றது.

"என்னங்க இது, டீசலே போடலையா?"

"வேணும்னேதான் சார்," என்றாள் தங்கை. "போடவே கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு."

சொன்னது நான்தான். ஆனால் மேடு தொடங்கியதும் இருக்கையில் உட்கார முடியாமல் எழுந்தேன். எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பஸ் வழக்கமாக நின்றுபோகிற அந்த வளைவு வந்தது. அவள் கியரை இறக்கினாள். எஞ்சின் ஒரே குரலில் உறுமியது, திணறல் இல்லை, தயக்கம் இல்லை. வளைவு பின்னால் போனது. "அப்படிப் போடு!" என்று நான் கத்தியதில் மேலாளர் துள்ளிவிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் நிமிர்ந்தது. அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மேலாளர் என் முதுகில் தட்டி, வேலை அட்டையை நீட்டினார். அதில் 'பழுதைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் என் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. அன்று 'ஓட்டுநர்' என்று எழுதி, அவள் பெயரையும் முழுசாக எழுதினேன்.

"இதுல மெக்கானிக் பேருதானே வழக்கம்?" என்றார் மேலாளர்.

"கண்டுபிடிச்சவங்க பேருதான் சார் எழுதணும். அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க."

தங்கை அட்டையை வாங்கினாள். இரண்டு முறை படித்தாள். மடிக்காமல், எழுத்து தெரியும்படி ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள்.

"ஏய், அது ஆபீசுக்குக் குடுக்க வேண்டியது."

"குடுத்துடலாம்ண்ணே," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். "கீழ போற வரைக்கும் இருக்கட்டும்."